லைட்டுக்கார டோனி மகளைப் பார்த்த நாள்

அரியாங்குப்பத்தில் டோனி வீடு எது என்று கேட்டால், எந்த டோனி என்று திருப்பிக் கேட்பார்கள். லைட்டுக்கார டோனி என்று சொல்லிவிட்டால் போதும், பாதி வழி கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். மாதா கோவில் தேர்பவனி, மாரியம்மன் கோவில் தீமிதி, கல்யாண ரிசப்ஷன், கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று எதுவானாலும் வெளிச்சம் அவனுடையதுதான். எந்தச் சாமி என்று அவன் பார்ப்பதில்லை. கரண்ட் எங்கிருந்து எடுக்கலாம் என்றுதான் பார்ப்பான்.

ஐ.டி.ஐ. முடித்ததும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சுவிட்ச் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் இருந்தான். சம்பளத்தைப் பற்றி அவனுக்குக் குறை இல்லை. டியூப்லைட்டைப் பற்றித்தான் குறை. அந்த வெள்ளை வெளிச்சத்தில் சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் காய்ச்சலில் எழுந்து வந்தவர்கள் போலத் தெரிகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இரண்டு சுருள் சீரியல் செட்டோடு வெளியே வந்தான். பைத்தியக்காரன் என்று வீட்டில் திட்டினார்கள். இன்று தவளக்குப்பத்தில் ஒரு குடோன், ஒரு டாடா ஏஸ், சூசை அண்ணன் தலைமையில் நான்கு ஆட்கள் என்று தொழில் நிமிர்ந்து நிற்கிறது.

எந்த வெளிச்சம் என்ன செய்யும் என்பதில் டோனியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மணப்பெண் மேல் வெள்ளை லைட் அடித்தால் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும் என்பான். பந்தியில் பச்சை லைட் போட்டால் சாம்பார் ஊசிப்போனது மாதிரி இருக்கும் என்பான். மீன் விற்கும் இடத்தில் கொஞ்சம் நீலம் கலந்தால் நேற்றைய வஞ்சிரம்கூட இன்றைக்குப் பிடித்ததாகிவிடுமாம். அதை மட்டும் அவன் செய்ததில்லை என்று சத்தியம் செய்கிறான், நாமும் நம்பித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. மனைவி மெரின் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வலி எடுத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் சுகப்பிரசவம். புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது வார்டு நர்ஸ் கலையரசி, குழந்தையின் மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். தினமும் காலையில் ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து, இப்படி மூக்கிலும் நெஞ்சிலும் அழுத்திப் பார்க்க வேண்டும், விரல் எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே வர வேண்டும், எதுவும் தெரியாவிட்டாலும் வெள்ளிக்கிழமை ஒரு தடவை கொண்டுவந்து காட்டிவிட வேண்டும் என்றார். டோனி தலையை ஆட்டினான். பூசையில் பிரசங்கத்துக்கு ஆட்டுகிற அதே ஆட்டல்தான்.

அவன் மனசெல்லாம் வீட்டில் இருந்தது. மெரினுக்கும் குழந்தைக்குமான அறையை அவன் செவ்வாய்க்கிழமையே தயார் செய்து வைத்திருந்தான். கூரையிலிருந்து நான்கு சுவர்களிலும் பொன் நிற சீரியல் விளக்குகளைத் திரைச்சீலை போலத் தொங்கவிட்டிருந்தான். கடைசி வரைக்கும் கண்ணை உறுத்தாத, கல்யாண மேடைக்கென்று எடுத்து வைத்திருந்த முதல்தரச் சரக்கு. தொட்டிலுக்கு மேலே மட்டும் தனியாக ஒரு வளையம். மெரினின் அம்மா உயிரோடு இல்லாததால், பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்ள டோனியின் அக்கா புஷ்பமேரி வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பேருக்குச் சோறு வடித்து ஆட்களை மிரட்டிப் பழகியவள். குளிர்காற்று படக்கூடாது என்று வந்த அன்றே ஜன்னல்களைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

ஆக, அந்த அறையில் பகல் என்று ஒன்று இல்லாமல் போனது. காலை பத்து மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் அதே பொன் வெளிச்சம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே வாயைப் பிளந்தார்கள். குழந்தையைப் பார்த்ததும், என்ன நிறம், தங்கத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி என்றார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் கறுப்பு, பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது இந்த நிறம் என்று வெளிப்படையாகவே ஒரு சித்தி கேட்டாள். அந்த நிறத்தில் பாதி தன்னுடைய லைட்டின் கைங்கரியம் என்று டோனிக்குத் தெரியும். ஆனாலும் பெருமையில் சிரித்துக்கொண்டானே தவிர வாயைத் திறக்கவில்லை. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று அவன் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

மெரினுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. குழந்தை பாலுக்கு எழுந்திருப்பதே இல்லை. வாயில் வைத்தால் நான்கு தடவை உறிஞ்சிவிட்டு அப்படியே தூங்கிப்போகிறது. அம்மாவைத் தொந்தரவு செய்யாத நல்ல பிள்ளை, உன் புருஷன் பிறந்தபோது தெருவையே எழுப்பினான், நீ கொடுத்து வைத்தவள் என்று புஷ்பமேரி சொல்லிவிட்டாள். இருநூறு பேரைச் சமாளித்தவள் சொல்லும்போது மெரின் என்ன மறுத்துச் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பக்கத்து ஊர் அந்தோணியார் கோவிலில் கொடியேற்றம். கோபுரத்துக்கு லைட் கட்டும் வேலை பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா என்று மெரின் காலையில் கேட்டாள். பிள்ளை தங்கம் மாதிரி இருக்கிறது, திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று டோனி சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான். அதற்குள் பத்து மணிக்குக் கரண்ட் போனது. பராமரிப்பு வேலைக்காக இரண்டு மணி வரை ஷட் டவுன் என்று போனில் செய்தி வந்தது. கரண்ட் இல்லாமல் போட்ட லைட் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? சூசை அண்ணனைக் கம்பி கட்டும் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, டோனி வீட்டிலேயே உட்கார்ந்தான்.

ஃபேன் நின்ற அறையில் கால் மணி நேரத்தில் புழுங்க ஆரம்பித்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் மெரின். காற்று படும் என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. காது கேட்காதவன் போல டோனி தாழை நீக்கி இரண்டு கதவையும் தள்ளினான். காலை வெளிச்சம் நேராகக் கட்டில் மேல் விழுந்தது.

முதலில் மெரினைத்தான் பார்த்தான். இரண்டு நாளாகப் பொன் பூசிக் கிடந்த மெரின், தன்னுடைய பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தாள். சுவர் வெள்ளையாகிவிட்டது. தலையணை உறை நீலமாகிவிட்டது. அவனுடைய கையும் அவனுடைய கறுப்பாகிவிட்டது. விளக்குப் போனதும் அறையில் இருந்த எல்லாம் தன் தன் நிறத்துக்குப் போய்விட்டன. குழந்தை மட்டும் போகவில்லை. மெரின் மடியில் அது அப்படியே மஞ்சளாகக் கிடந்தது.

டோனிக்கு வார்டு நர்ஸ் காட்டியது ஞாபகம் வந்தது. மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தான், மஞ்சள். நெஞ்சில் அழுத்தினான், மஞ்சள். சட்டையைத் தூக்கி வயிற்றில், பிறகு தொடையில், எல்லாம் மஞ்சள். உள்ளங்காலைச் சுரண்டினான், குழந்தை காலை இழுத்துக்கொண்டதே தவிரக் கண்ணைத் திறக்கவில்லை. தொட்டிலில் கிடந்த வெள்ளைத் துணியில் மூத்திரக் கறை கெட்டியான மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அதையும் இரண்டு நாளாக எல்லாரும் விளக்கு வெளிச்சம் என்றே நினைத்திருந்தார்கள்.

புஷ்பமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகமும் மாறத்தான் செய்தது, ஆனால் ஒப்புக்கொள்கிற ஆளா அவள்?

"பொறந்த புள்ளைக்கு மஞ்சள் வர்றதுதான்டா. உனக்கே வந்துச்சு. நாலு நாள் காலை வெயில்ல காட்டுனா போயிடும்."

"போவாட்டி?" என்றான் டோனி. அக்காவை எதிர்த்து அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவள் பதில் சொல்வதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டான்.

ஆற்றுப் பாலத்தில் ஒரு மணல் லாரியும் ஒரு பஸ்ஸும் யார் முதலில் போவது என்று முறைத்துக்கொண்டு நின்றதில் பத்து நிமிஷம் போனது. அந்தப் பத்து நிமிஷத்தில் டோனி வேண்டாத புனிதர் இல்லை. பக்கத்து ஊர் அந்தோணியாரிடம், கோபுரத்துக்கு இலவசமாகவே போட்டுவிடுகிறேன் என்றுகூட வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின் பத்தொன்பது என்று வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பில் பழைய ரத்த அணுக்கள் உடையும்போது இந்த மஞ்சள் உண்டாகிறது, ஈரல்தான் அதை வெளியேற்ற வேண்டும், பிறந்த குழந்தைக்கு ஈரல் இன்னும் வேலை பழகவில்லை. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இன்னும் தாமதமாகும். பால் போதிய அளவு உள்ளே போகவில்லை என்றால் மலம் மூத்திரம் போகாது, மஞ்சள் உடம்பிலேயே தங்கிவிடும். நிறையப் பிள்ளைகளுக்கு இது தானாகவே வடிந்துவிடும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த எண் இன்னும் ஏறினால் மூளைக்குப் போய்விடும், காது கேட்காமல் போகலாம், கை கால் சரியாக வராமல் போகலாம். இப்போதே நீல லைட்டில் வைக்க வேண்டும், அதிலும் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மெரின் அழவில்லை. ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் கட்டில் விளிம்பையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுதவன் டோனிதான். காரிடாருக்கு வந்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அங்கே வந்த கலையரசியிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"நான்தான் சிஸ்டர் மறைச்சிட்டேன். எந்த லைட்டு இன்னா பண்ணும்னு ஊருக்கே சொல்றவன் நானு. எம் புள்ளைய என் லைட்டாலயே மறைச்சிட்டேன்."

கலையரசி அவனைத் தட்டிக் கொடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இந்த வார்டில் பதினோரு வருஷமாக அப்பாக்களைப் பார்ப்பவர் அவர்.

"பாத்ததும் கொண்டாந்துட்டீங்க இல்ல? சக்கரத் தண்ணி குடுத்துக்கினு ஒரு வாரம் கழிச்சு வர்றவங்களும் இருக்காங்க. அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம். எத்தன தடவ ஈரம் பண்ணுதுன்னு நீங்கதான் எழுதணும், போய் ஒரு பேனா வாங்கியாங்க."

குழந்தையின் கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டி, ஒரு நாப்கின் மட்டும் கட்டி, கண்ணாடித் தொட்டிலில் கிடத்தி, மேலே நீல விளக்கைப் போட்டார்கள். டோனிக்குத் தொழில் புத்தி எங்கே போகும்? அழுகை அடங்கியதும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். எல்.இ.டி.தான். நீலம்தான். நீலத்தில் குடோனில் முந்நூறு மீட்டர் கிடக்கிறது. சாப்பாட்டுக் கூடையோடு வந்த சூசை அண்ணனிடம் சொல்லி, மதியமே ஒரு சுருள் கொண்டுவரச் செய்துவிட்டான். இதை வீட்டிலேயே தொட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டால் மெரின் தன் கட்டிலில் படுத்துக்கொள்ளலாமே என்று கலையரசியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

கலையரசி மேஜை டிராயரிலிருந்து, வெளிச்சத்தை அளக்கும் கைக்கு அடக்கமான ஒரு மீட்டரை எடுத்தார். மெஷின் வெளிச்சத்தில், குழந்தை படுத்திருக்கும் உயரத்தில் பிடித்தார். எண் விறுவிறுவென்று முப்பதைத் தாண்டியது. டோனியின் சீரியலைப் பிளக்கில் சொருகச் சொல்லி, அதற்குக் கீழே பிடித்தார். ஒன்று என்று காட்டிவிட்டு மீட்டர் சும்மா இருந்தது. எல்லா நீலமும் ஒன்றில்லை, மஞ்சளைக் கரைக்க இந்த நீலம் இந்த அளவுக்குத் தோல் மேல் விழ வேண்டும், அப்போதுதான் அது மூத்திரத்திலும் மலத்திலும் கரைந்து போகும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"இது கோவிலுக்கு நல்லா இருக்கும்ண்ணா" என்று சுருளைத் திருப்பிக் கொடுத்தார்.

இருபது வருஷத் தொழிலில் டோனியின் லைட்டை இவ்வளவு மரியாதையாக யாரும் நிராகரித்ததில்லை. அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்த மீட்டர் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன்தான் அந்த வார்டின் விளக்குக் காவலன். புஷ்பமேரி சாயங்காலம் வந்தாள். அரை உடம்பு அம்மணமாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்ததும், குளிருமே என்று கையில் இருந்த துண்டைப் போர்த்தப் போனாள். டோனி குறுக்கே விழுந்து தடுத்தான். துணி மேல் வெளிச்சம் விழுந்து துணியின் மஞ்சளா போகப்போகிறது என்று கேட்டான். வார்டில் படுத்திருந்த மற்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். அப்படியென்றால் வெயிலில் காட்டினால் ஆகாதா என்று புஷ்பமேரி விடாமல் கேட்க, சூரிய வெளிச்சத்துக்கு அளவு கிடையாது, பிஞ்சுத் தோல் வெந்துவிடும், நிழலில் காட்டினால் இந்த எண்ணுக்குப் போதாது என்று கலையரசியிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்தான். மீட்டர் கையில் இருந்திருந்தால் அதையும் காட்டியிருப்பான்.

புஷ்பமேரி தோற்றுப்போகிற பிறவி இல்லை. தனக்குத் தெரிந்த வேலை எது என்று பார்த்தாள். மெரினுக்குப் பால் சுரக்க வேண்டும், பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டுமாக இரண்டு வேளையும் கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் வாய் நன்றாகப் பொருந்தும் என்று கலையரசி மெரினுக்குக் காட்டியபோது, பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தாள். இது எனக்கே தெரியாதுடி என்று மெரினிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாளாம். மெரின் அதைப் பிறகு பலமுறை சொல்லிச் சிரித்தாள்.

டோனி சீட்டில் எழுதினான். பன்னிரண்டே கால், ஈரம். இரண்டு ஐந்து, ஈரம், மலம், பச்சை கலந்த மஞ்சள். ஒவ்வொரு தடவை நாப்கின் நனையும்போதும் லாட்டரி விழுந்தவன் முகம் அவனுக்கு. கொடியேற்றம் எப்படிப் போனது என்று சொல்ல சூசை அண்ணன் போன் செய்தபோதுகூட, கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், இன்றைக்கு மூன்று தடவை மலம் போயிருக்கிறது அண்ணே என்றான். அந்தப் பக்கம் சூசை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒன்று மட்டும் அவனை வாட்டியது. நீல வெளிச்சத்தில் பிள்ளையின் நிறம் துளியும் தெரியவில்லை. விளக்கைக் கொஞ்சம் அணைத்தால் பகல் வெளிச்சத்தில் அழுத்திப் பார்ப்பேனே என்று கேட்டான். கலையரசி கூடாது என்றார். லைட்டில் வைத்த பிள்ளையின் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், உள்ளே ரத்தத்தில் மஞ்சள் இருக்கும், இனிமேல் கண்ணை நம்ப முடியாது, ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் நம்ப வேண்டும் என்றார். கண்ணை வைத்தே பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எது? கையைக் கட்டிக்கொண்டு சீட்டுக்காகக் காத்திருந்தான்.

சனிக்கிழமை காலைச் சீட்டில் பதினைந்தரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தே முக்கால். நீல விளக்கை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு சில பிள்ளைகளுக்குத் திரும்ப ஏறும், அதனால் நாளைக் காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு நாள்தான் டோனிக்கு நீளமான நாள். பிள்ளை பாலுக்குக் கத்த ஆரம்பித்திருந்தது. புஷ்பமேரி சொன்ன அந்தத் தெருவை எழுப்பும் குரல். வார்டே காதைப் பொத்திக்கொண்டபோது, அவனுக்கு மட்டும் அது பாட்டுக் கச்சேரியாக இருந்தது. ஆனாலும் குழந்தையின் முகத்தைக் கூர்ந்து பார்க்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கண் என்ன சொல்லுமோ, அதை நம்பிவிடுவோமோ என்று பயம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சீட்டு வந்தது. பத்து. ஏறவில்லை, இறங்கித்தான் இருக்கிறது. கண்ணில் கொஞ்சம் மஞ்சள் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கலாம், பால் மட்டும் தவறாமல் கொடுங்கள், புதன்கிழமை வந்து காட்டுங்கள் என்று சொன்னார் டாக்டரம்மா. புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றான் டோனி. ஒன்பது மணிக்குத்தான் திறப்போம் என்றார் கலையரசி.

"இப்பப் பாக்கலாமா சிஸ்டர்?"

"பாருங்கண்ணா."

டோனி மகளை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தான். கிழக்குப் பார்த்த வராந்தா. விளக்கு ஒன்றும் இல்லை, தூண்களுக்கு இடையில் வெறும் பகல் வெளிச்சம். துணியை விலக்கி, முதல் தடவையாக அவளை நிதானமாகப் பார்த்தான். நெற்றி, மூக்கு, காது மடலின் ஓரம், முழங்கை எல்லாம் அவனுடைய கறுப்பு. வெயிலில் கோபுரம் ஏறி ஏறிக் கறுத்தது என்று இத்தனை நாள் அவன் சொல்லிக்கொண்டிருந்த அதே கறுப்பு.

அவள் கண்ணைத் திறந்து, வாயைக் கோணி, அழலாமா வேண்டாமா என்பது போல அவனைப் பார்த்தாள். டோனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பின்னாலேயே பையோடு வந்து நின்ற மெரின், என்ன என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மெரின். எங் கலருடி" என்றான்.